குழாயில் இரண்டு தட்டு

மோட்டார் அண்ணன் படியேறினால் அவர் முழங்கால் போடும் சத்தத்தில் மூன்றாம் மாடிக் குழந்தை தூக்கம் கலைந்து அழும். மொத்தம் ஆறு மாடி, நூற்றுப் பதினெட்டுப் படி. லிப்டு இருக்கிறது. அது செத்து எத்தனை காலம் என்றால், அதன் பேரப்பிள்ளைகளுக்கே இப்போது தலை நரைத்திருக்கும்.

அவர் வேலை, தினம் நாலு தடவை மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்ப்பது. தண்ணீர் நிரம்பியதும் குழாயில் கல்லால் இரண்டு தட்டு தட்டுவார். கீழே மோட்டார் அறையில் காதைத் தீட்டி வைத்திருக்கும் அண்ணி சுவிட்சை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போவார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் புருஷன் பெண்டாட்டி வாயால் பேசியது பாதி, குழாயால் பேசியது பாதி. பக்கத்து ஒற்றை அறைதான் வீடு. வேலை போனால் அதுவும் போகும்.

இனிமேல் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டடத்துச் செக்ரட்டரி யோசித்து, தொட்டியில் சென்சாரும் மோட்டார் அறையில் ஒரு வெள்ளைப் பெட்டியும் மாட்டவைத்தார். சென்சார் சொல்வதைப் பெட்டி கேட்டு இன்டர்நெட்டில் ஏற்றும், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். மாட்ட வந்த ஆள் பச்சை விளக்கைக் காட்டிவிட்டு, பைக்கில் ஏறிப் பறந்துவிட்டார்.

அப்புறம்தான் வந்தது வினை. செக்ரட்டரி போனைத் திறந்த போதெல்லாம் பெட்டி நெட்டில் இல்லை என்றே காட்டியது. அண்ணனோ, மோட்டார் போட உள்ளே போகும்போதெல்லாம் பச்சைதான் எரிகிறது என்று சத்தியம் செய்தார். யார் நம்புவது? பெட்டியை நம்ப முடியாததால் படியேற்றமும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை செக்ரட்டரி வந்து கேட்டருகில் நின்றார்.

"பெரியவரே, சாயங்காலத்துக்குள்ள இது ஓடணும். இல்லேன்னா முட்டி நல்லா இருக்கிற ஆளைத்தான் நான் பாக்கணும்."

அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தார். அங்கிருந்த பெண், இப்போது பெட்டி நெட்டில் சரியாக வருகிறதே, கோளாறு சென்சாரில்தான் இருக்கும், மேலே போய் அதன் பட்டனை அழுத்துங்கள் என்றாள். வீட்டில் இருப்பது ஒரே போன். அதை அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஏறினார், அழுத்தினார், இறங்கினார். பத்து நொடி அழுத்தணுமாம், மறுபடி ஏறினார். விடாமல் அழுத்தணுமாம், மறுபடியும். நாலாவது தடவை ஏறப் போனவர், கேட்டில் வாட்ச்மேனாக இருக்கும் என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். முகம் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

"ஏன் அண்ணே, ஒரு நாள் ஏத்தத்தைக் காலையிலேயே முடிச்சுட்டு லீவு எடுக்கப் போறீங்களா?" என்றேன்.

"முட்டிக்காகப் பெட்டி வெச்சாங்க. இப்போ பெட்டிக்காக முட்டி தேயுது," என்றார். சிரிக்கக்கூட மூச்சு மிச்சமில்லை. கைப்பிடியைப் பிடித்து எழுந்து போனார்.

அவர் மேலே போய்ச் சேரும்போது தொட்டி நிரம்பியிருந்தது. பழக்கதோஷம், இரண்டு தட்டு தட்டினார். அண்ணியும் பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைத்தார். வேறு நாளாக இருந்தால் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார். இன்றைக்கு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள் என்று கம்பெனிப் பெண் சொல்லியிருந்ததால் அங்கேயே நின்றார். அவர் கண்ணெதிரே பச்சை பொசுக்கென்று அணைந்தது.

அண்ணன் இறங்கி வந்ததும் அண்ணி சொன்னார்: "ஏங்க, மோட்டாரை நிறுத்தினா பெட்டியும் கண்ணை மூடுதுங்க."

மாட்டிய மகராசன் பெட்டியை மோட்டார் சுவிட்சிலேயே சொருகியிருக்கிறார். மோட்டார் ஓடினால் அதற்கு உயிர், நின்றால் கருமாதி. செக்ரட்டரியே வந்து வேறு பிளக்கில் மாற்றிக் கொடுத்தார். வேறு ஆள் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு இருவரும் போனும் கையுமாக உட்கார்ந்தார்கள். போனில் தொட்டி எண்பது சதவீதம், தொண்ணூறு, நூறு. அண்ணியின் கை சுவிட்சில்தான் இருந்தது, அணைக்கவில்லை.

"நூறு ஆயிடுச்சு, அணை."

"தட்டு கேக்கலையே."

"தட்டுற ஆளு இங்கதானடி உக்காந்திருக்கேன்."

"தெரியுதுங்க. தட்டு கேக்கலையே."

மேலே தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டு தட்டினார். அண்ணி சுவிட்சை அணைத்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.