நாயைப் பூட்டி ஏர் ஓட்டியது

ஓசூரில் வாடகைக்கு இருக்கும் என் மகள் வளர்த்த நாய் அது. வீட்டுச் சொந்தக்காரர் நாய் கூடாது என்றுவிட்டார். மொரப்பூர் பக்கம் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து விட்டுப் போனாள்.

மறுநாளே எதிர்வீட்டு ஆடுகள் மேல் பாய்ந்தது. கயிற்றோடு என்னையும் இழுத்துப் போனது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு.

எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணா, என் ஆடுங்க இந்தத் தெருவுலதான் போவணும். நாயி ஒழுங்கா நடந்தா இருக்கட்டும். இல்லன்னா பொண்ணுக்குப் போன் போட்டு எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லிருங்க."

நியாயம்தான். ஆனால் மகளுக்கு அதை வைத்துக்கொள்ள வேறு இடமில்லை.

காலையும் மாலையும் நடத்திப் பார்த்தேன். அது முன்னால் இழுக்கும். நான் பின்னாலிருந்து இழுப்பேன். கழுத்து நெரிந்து இருமும். அப்பவும் இழுக்கும். மாட்டை அதட்டுகிற மாதிரி அதட்டினேன். இன்னும் வேகமாக ஓடியது.

டீக்கடையில் மச்சான் ஒருவன் கேட்டான். "என்னா மச்சான், நாயப் பூட்டி ஏர் ஓட்டுறியா? அப்படியே எங்க காட்டுலயும் ரெண்டு சால் ஓட்டிட்டுப் போ."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை. மாட்டுக்குப் பின்னால் நடந்து பழகின கால் இது. நாய்க்குப் பின்னாலும் அப்படியே நடந்தேன். பின்னால் ஆள் இருந்தால் இழுப்பதுதான் தன் வேலை என்று அது நினைத்திருக்கும்.

அதற்குப் பிறகு அதட்டவில்லை. கயிறு விறைத்தால் நின்றேன். தளர்ந்தால் நடந்தேன். ரொம்ப இழுத்தால் வந்த வழியே திரும்பினேன். அது என் பின்னால் வரவேண்டியதாயிற்று. பக்கத்தில் வந்தால் கருவாட்டுத் துண்டு ஒன்று.

"கொழம்புக்கு வச்ச கருவாட நாயிக்குக் குடுத்துட்டு, சோத்துக்கு என்னான்னு வேற கேக்கறீங்களா?" என்றாள் என் மனைவி. நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஒரு நாள் காலை, ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்தே நாயைக் கூட்டிப் போனேன். ஆடுகளைக் கண்டதும் காது நிமிர்ந்தது. உடம்பு நடுங்கியது. நின்றேன். ஆட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. குட்டி ஒன்று அதன் மூக்குக்கு முன்னால் துள்ளிப் போனது. கயிறு தொங்கியபடியே இருந்தது. ஆடுகளுக்கு நடுவே நடந்தோம்.

எதிர்வீட்டுப் பெண் குச்சியோடு நின்று பார்த்தாள். "நாயி மாறிருச்சாண்ணா?"

"அதே நாயிதான்."

"அப்ப இருக்கட்டும்."

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். பிறகு நாயோடு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. நல்ல கூட்டம். நடுவில் நடந்தேன். கயிறு என் ஒரு விரலில் இருந்தது.