லண்டன் குழு எத்தனையாம் இடம்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவருமே இல்லாத காலத்தில், இங்கிலாந்தின் இரண்டு கிற்றார்ப் பாட்டுக் குழுக்களுக்காக நாங்கள் ஓயாமல் சண்டை பிடித்தோம். நாங்கள் என்றால் அண்ணாவும் நானும். எதிர்ப்பக்கத்தில் லண்டனில் இருந்த பெரியப்பாவின் மகன். அவனையும் நான் அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதால், குழப்பம் வராமல் லண்டன் அண்ணா என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாரிஸில், லா சப்பலில், ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் ஒரு தொலைபேசிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா அதே தெருவில் ஓர் உணவகத்தில் சமையல். அண்ணா பதினேழு வயதில் அதே சமையலறையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். பிரான்சுக்கு வந்து இறங்கியபோது அவனுக்குப் பத்து வயது. மொழி பிடிபடுவதற்குள் பள்ளிக்கூடம் அவனைக் கைவிட்டுவிட்டது. அப்பாவின் படிப்பு இலங்கையில், ஏழாம் வகுப்பில் இடம்பெயர்வோடு நின்றது. அம்மாவுடையது அதற்கும் முன்னால். ஆகவே எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான்தான். இதை நான் அந்த வயதிலேயே நன்றாக அறிந்து வைத்திருந்தேன். பிரெஞ்சில் வரும் கடிதங்களை அம்மாவுக்கு மட்டுமல்ல, மேல்மாடி கீழ்மாடிக்காரருக்கும் நானே வாசித்து விளங்கப்படுத்தினேன். அவர்கள் பிழையாக உச்சரித்த சொற்களைத் திருத்தியும் விட்டேன், யாரும் கேட்காமலே.

அந்த வருடங்களில் இங்கிலாந்தில் மாதத்துக்கொரு குழு முளைத்தது. நாலு பெடியன்கள், இரண்டு கிற்றார், கண்ணை மறைக்கும் தலைமயிர், காலோடு ஒட்டிய காற்சட்டை. கார் நிறுத்தும் கொட்டிலுக்குள் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் சில மாதங்களில் இங்கிலாந்துப் பாட்டுப் பத்திரிகையின் அட்டையில் நிற்பார்கள். லண்டன் ரயில் வந்து நிற்கும் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே அந்தப் பத்திரிகையை ஒரு கிழமை பிந்தி அண்ணா வாங்கி வருவான். அவனுடைய ஆங்கிலம் அதிலுள்ள படங்களைப் பார்ப்பதற்குத்தான் காணும். பிரெஞ்சைப் போல இருந்த சொற்களை நான் ஊகித்துச் சொல்ல, மிச்சத்தை அவன் ஆத்திரத்தால் நிரப்பிக்கொள்வான்.

ஆத்திரம் எல்லாம் ஒரு போட்டியைப் பற்றியது. ஒரு குழு இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழிற்சாலை நகரத்தில் பள்ளிக்கூடத்தை விட்ட பெடியன்களுடையது. மற்றது லண்டனில் கல்லூரி படித்தவர்களுடையது. வடக்குப் பாட்டுக்காரன் லண்டன்காரனைப் பற்றிப் பத்திரிகைக்கு ஏதாவது சொல்லுவான். அடுத்த கிழமை லண்டன்காரன் பதில் சொல்லுவான். இரண்டு பேரும் நேரே ஒருதரம்கூடக் கதைத்ததில்லை என்று அண்ணா சொன்னான். நேரே கதைக்காமல் இவ்வளவு சண்டை எப்படிப் பிடிக்க முடியும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அண்ணா யோசிக்காமலே வடக்குப் பக்கம் நின்றான். அவனிடமும் ஒரு பழைய கிற்றார் இருந்தது. வாசிக்கப் பழக்கியவன் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு வாசிக்கும் ஒரு மன்னார்ப் பெடியன். அதனால் அண்ணா வடக்குக் குழுவின் பாட்டுகளை வாசித்தாலும் அவை கொஞ்சம் பக்தியாகவே கேட்டன. சுவரில் அவன் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, தலை வாரி இழுக்கத் தெரியாததுகள் என்று அப்பா சொல்லுவார். அதற்கு மேல் அவருக்கு அந்தப் பாட்டில் அக்கறை இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மத்தியான வேலை முடிந்து வரும்போது தொலைபேசி அட்டையை வாங்கி வருவது அப்பாதான்.

அது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அப்பா நாணயத்தால் அட்டையைச் சுரண்டுவார். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியில் தெரியும் நீண்ட இலக்கத்தை அழுத்துவார். பிறகு பெரியப்பா வீட்டு இலக்கத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனப்பாடமாக அழுத்துவார். மணி அடிக்கத் தொடங்கியதும் றிசீவரை அண்ணாவிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பக்கத்திலும் அதே கதைதான். யாரோ எடுப்பார்கள், ஒரு பேச்சும் இராது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு லண்டன் அண்ணாவின் குரல் வரும். அண்ணா என்னைப் பக்கத்தில் இருத்தி, றிசீவரின் ஓரத்தில் என் காதையும் வைக்க விடுவான். உங்கடை ஆக்களுக்கு மூண்டு சுரத்துக்கு மேலை தெரியாது என்று அங்கிருந்து வரும். உங்கடை ஆக்கள் பாடினால் மூக்கடைப்பு மாதிரி இருக்கு என்று இங்கிருந்து போகும்.

அப்பா கதிரையில் தமிழ்ப் பத்திரிகையைப் பிடித்தபடி இருப்பார். பேசி முடிந்ததும் என்னவாம் என்று கேட்பார். விற்பனைப் பட்டியலில் லண்டன் குழு மூன்றாம் இடமாம் என்பான் அண்ணா. வேறை என்பார் அப்பா. பெரியப்பாவுக்குச் சீனி கூடிவிட்டதாம், மருந்து மாத்தினவையாம் என்பான். ம் என்று சொல்லி அப்பா எழும்பி யன்னலடிக்குப் போய்விடுவார். லண்டன் குழு மூன்றாம் இடத்துக்கு வந்தது அவருக்கும் கவலைதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்பாவும் பெரியப்பாவும் கோபம், கதைப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நான் பிறந்த வருடம் லண்டனில் அத்தையின் கலியாணம் நடந்தது. அழைப்பிதழை அடிப்பித்தது பெரியப்பா. பெண் வீட்டார் பெயர்களில் அப்பாவின் பெயர் விடுபட்டுப் போயிற்று. அப்பாவுக்கு அப்போது விசா இல்லை, எப்படியும் போயிருக்க முடியாது. போக முடியாதவனுக்குப் பெயரும் இல்லையோ என்று அப்பா கேட்டாராம். அச்சகத்தின் பிழைக்கு என்னில் பாயிறான் என்று பெரியப்பா சொன்னாராம். அதோடு சரி. எங்கள் ஆட்களில் கலியாணக் கார்டால் வந்த கோபம் இலேசில் போகாது. எனக்கு அது மழை, குளிர் போல எப்போதும் இருக்கிற ஒன்று.

எனக்கு ஒன்பது வயதாயிருந்த அந்த வருடக் கோடையில் இரண்டு குழுக்களும் ஒரே கிழமையில் புதுப் பாட்டை வெளியிடப் போவதாகச் செய்தி வந்தது. யார் முதலாம் இடம் என்பது ஞாயிறு தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை அம்மாவோடு ரூ பஜோல் பிள்ளையார் கோயிலுக்குப் போனபோது, நான் அர்ச்சனைத் தட்டை நீட்டி வடக்குப் பாட்டுக்காரனின் பெயரைச் சொன்னேன். ஐயர் தலை நிமிராமல் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மா வெட்கப்பட்டு என்னைக் கிள்ளினா. நட்சத்திரம் தெரியாவிட்டால் சுவாமி பேருக்கே செய்வம் என்று ஐயர் சொல்லிவிட்டார். வடக்குக் குழு தோற்றதற்கு அதுதான் காரணம் என்று நான் நெடுநாள் நம்பினேன்.

அந்த ஞாயிறு லண்டன் அண்ணா சிரித்துக்கொண்டே பேசத் தொடங்கினான். அண்ணா விட்டுக்கொடுக்கவில்லை, பாட்டு விற்கிற கணக்கு வேறு, பாட்டு வேறு என்று வாதாடினான். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது.

"உனக்கு என்னடா பாட்டைப் பற்றித் தெரியும். போய்க் கோப்பையைக் கழுவு."

அண்ணா றிசீவரை மெதுவாக வைத்தான். அப்பா என்னவாம் என்றார். ஒண்டுமில்லை என்றான். பிறகு என்னைக் குசினி அடுப்படிக்குக் கூட்டிப்போய், கேட்டதை அப்பாவுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான்.

"சொன்னியெண்டால் பெரியப்பாவோடை உள்ள கோபம் சாகும்வரைக்கும் தீராது. விளங்குதோ?"

விளங்குது என்றேன்.

அடுத்த ஞாயிறு அட்டை வந்தது, அண்ணா தொடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கிற்றார் கட்டிலுக்குக் கீழே போனது. சுரண்டாத அட்டைகள் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அப்பா பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு இருப்பார், பக்கத்தைத் திருப்பமாட்டார். ஒருநாள் சாப்பிடும்போது, அந்த வடக்குப் பெடியள் புதுசா ஒண்டும் பாடேல்லையோ என்று கேட்டார். அண்ணா இல்லை என்றான். அவங்கள் நல்லாத்தானே பாடினவங்கள் என்று அப்பா சொன்னார். அவர் அவர்களைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதை நான்தான் தீர்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையது அல்லவா. கீழே தொலைபேசிக் கடையில் நின்ற மன்னார் அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். கடையில் இரண்டு கணினிகளும் இருந்தன, தமிழ் எழுத்து இல்லாதவை. லண்டன் அண்ணாவின் மின்னஞ்சல் முகவரி அண்ணாவின் பத்திரிகை ஒன்றின் ஓரத்தில் எழுதியிருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா ஆங்கிலத்தில் அடித்தா. நீங்கள் சொன்னதை நான் கேட்டேன், அப்பாவுக்குச் சொல்லவில்லை, அண்ணா மூன்று கிழமையாகக் கிற்றாரைத் தொடவில்லை என்று சொன்னேன். முடிக்கும் இடத்தில் இதைச் சேர்க்கச் சொன்னேன்: "எங்கடை அப்பாவும் முதலிலை கோப்பைதான் கழுவினவர். உங்கடை அப்பாவும் லண்டனிலை அதைத்தான் செய்தவராம். அம்மா சொன்னவ."

அக்கா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தா. இதைப் போடத்தான் வேணுமோ என்று கேட்டா. போடுங்கோ என்றேன்.

மூன்றாம் நாள் லண்டன் அண்ணா எங்கள் அண்ணாவுக்கு ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதினான். என்ன எழுதினான் என்று அண்ணா காட்டவில்லை. ஆனால் கட்டிலுக்குக் கீழேயிருந்து கிற்றாரை எடுத்துத் தூசி துடைத்தான். அதற்குப் பிறகு மத்தியானத்துக்கும் மாலைக்கும் இடையில் உணவகம் பூட்டியிருக்கும் நேரத்தில், அண்ணா கீழே கணினியில் போய் இருந்துவிடுவான். அங்கிருந்து லண்டன் அண்ணா பாட்டுகளை அனுப்புவான். இரண்டு பேரும் கதைத்துக் கதைத்து, வடக்குக் குழுவும் சரியில்லை, லண்டன் குழுவும் சரியில்லை என்று கண்டுபிடித்து, மூன்றாவது ஒரு குழுவை இருவருமாக விரும்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஞாயிறு அப்பா புது அட்டையோடு வந்தார். லண்டனுக்கு எடுக்கேல்லையோ என்று கேட்டார். தேவையில்லை அப்பா, நாங்கள் கொம்பியூட்டரிலை ஒவ்வொரு நாளும் கதைக்கிறம் என்றான் அண்ணா.

"என்ன கதைக்கிறனியள்?"

"பாட்டுத்தான்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. சண்டை முடிஞ்சுது."

நான்தான் முடித்து வைத்தனான் என்று குறுக்கே விழுந்து சொன்னேன். பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அப்பா அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு யன்னலடிக்குப் போனார். கெட்டிக்காரி என்று அவர் சொல்லாதது எனக்கு ஒரு கிழமை மனவருத்தம்.

பனிக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு. அண்ணா கீழே இருந்தான். அம்மா படுத்திருந்தா. அப்பா கதிரையை விட்டு எழும்பி வந்து அட்டையைச் சுரண்டினார். கண்ணாடியோடு ஒரு இலக்கம், கண்ணாடி இல்லாமல் மற்ற இலக்கம். மணி அடிக்கத் தொடங்கியதும் சுற்றிப் பார்த்தார். கொடுப்பதற்கு வேறு யாரும் இல்லை. என்னிடம் நீட்டினார்.

"இந்தா பிள்ளை, கதை."

"ஆரோடை?"

"எடுக்கிற ஆளோடை."

"என்னத்தைக் கதைக்கிறது?"

அப்பா தடுமாறினார். "லண்டன் குழு எத்தினையாம் இடமெண்டு கேள்."

யாரோ எடுத்தார்கள். அதே மூச்சுச் சத்தம். இந்த முறை வேறு யாருக்கும் கைமாறவில்லை. நான் பாரிஸிலிருந்து பேசுகிறேன் என்றேன். ஓம் பிள்ளை, சொல்லு என்றது ஒரு பெரிய ஆளின் குரல். பெரியப்பாவின் குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அப்பாவின் குரல் போலவே இருந்தது, கொஞ்சம் கரகரப்பு மட்டும் கூட. நான் கேள்வியைக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது.

"எங்கடை ஆக்கள் நாலாம் இடம்" என்றார் பெரியப்பா. "உங்கடை ஆக்கள் ஆறாம் இடம்."

இரண்டு குழுக்களும் அந்த மாதம் பாட்டே வெளியிடவில்லை என்று அண்ணா எனக்குச் சொல்லியிருந்தான். நான் விடவில்லை. "இல்லைப் பெரியப்பா, அது பிழை. ரெண்டு பேரும் இப்ப பட்டியலிலையே இல்லை."

"அப்பிடியோ" என்றார். பிறகு, "அப்பா பக்கத்திலை நிக்கிறாரோ? அவருக்கு முதுகு நோ எப்பிடியாம்?" என்று கேட்டார்.

திரும்பி அப்பாவிடம் கேட்டேன். பரவாயில்லையெண்டு சொல்லு, சீனிக்கு ஒழுங்கா மருந்து எடுக்கிறாரோ எண்டு கேள் என்றார் அப்பா. நான் கேட்டேன். எடுக்கிறன் எண்டு சொல்லு, அங்கை குளிரோ எண்டு கேள் என்றார் பெரியப்பா. இப்படி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அட்டையில் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று ஒரு பெண்குரல் பிரெஞ்சில் சொல்லும்வரை, குளிரையும் மருந்தையும் மாறிமாறிச் சுமந்தேன். றிசீவரை வைத்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒரு பெரிய மனிதர் வாய்க்கு வந்த இலக்கத்தைச் சொல்கிறார். அதைக் கண்டுபிடித்த என்னை யாரும் மெச்சவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா நேரத்துக்கே அட்டையோடு வந்தார். சுரண்டுவதற்கு முன்னால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார்.

"பிள்ளை, அவர் எத்தினையாம் இடமெண்டு சொன்னாலும் நீ ஓமெண்டு சொல்லு."

பிழையைச் சரி என்று எப்படிச் சொல்வது என்று நான் அப்பாவோடு வாதாடினேன். பள்ளிக்கூடத்தில் அப்படிச் செய்தால் மதிப்பெண் குறைப்பார்கள் என்றேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைச் சுரண்டத் தொடங்கினார். படிக்காத காரணத்தால் அப்பாவுக்கு இது விளங்கவில்லை என்று நினைத்து, அவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டே நான் கையை நீட்டினேன்.