அக்காவின் இடது கை

கல்யாணத்துக்கு முன்பு அக்காவை எடுத்த புகைப்படங்கள் மொத்தம் மூன்று. மூன்றும் நெசவாளர் வீடுகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக ஒரே வார இதழில், ஒரே வாரத்தில் வந்தவை. பிற்கால ஆராய்ச்சியாளர் எவராவது அவற்றில் முதல் இரண்டை மட்டும் வைத்து எழுதினால், எழுபதுகளில் காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டுப் பெண் பாதி நாள் குளக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள், மீதி நாள் தர்க்கவியல் படித்தாள் என்று முடிவு கட்டிவிடுவார்.

குளக்கரைப் படத்தின் கீழே ‘ஓய்வு நேரத்தில்’ என்று போட்டிருந்தார்கள். அக்காவுக்கு அப்படி ஒரு நேரம் இருந்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெயில் சரியாக விழவேண்டும் என்று புகைப்படக்காரர் அவளை அரைமணி நேரம் படியில் உட்கார வைத்தார். “இன்னும் எவ்ளோ நேரம் சும்மா இருக்கணும்? இடுப்பு வலிக்குது” என்றாள்.

இரண்டாவது படத்தில் அவள் கையில் இருந்தது என் கல்லூரித் தர்க்கவியல் புத்தகம். படம் எடுத்து முடித்தும் கீழே வைக்காமல் இரண்டு பக்கம் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது படத்தால்தான் வம்பு. அதில் அக்கா ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தறிக்கு வேண்டிய பட்டுநூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்றித் தருவது அவள் வேலை. வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை நூலைப் பிடிக்கும். அச்சகத்தில் யாரோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். படத்தில் அக்கா இடது கையால் சுற்றினாள்.

இதை நான் கவனிக்கவில்லை. பெருமையில் ஒரு பிரதியை வாலாஜாபாத்துக்குத் தபாலில் அனுப்பினேன். அங்கே அரிசி மில்லில் வேலை பார்க்கும் பையனுக்கு அக்காவைப் பேசி முடித்து, நாள் குறிப்பது மட்டும் பாக்கி இருந்தது. அக்காவுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: “அந்த வூட்ல தறியும் இல்ல, ராட்டையும் இல்ல.”

நாலாம் நாள் பையனின் அம்மா பஸ் பிடித்து வந்துவிட்டார். அவருக்குப் பிறந்த வீடு காஞ்சிபுரம்தான், நெசவாளி வீடு. மடித்த வார இதழைப் பாயில் விரித்தார்.

“பொண்ணுக்கு இடது கைன்னு நீங்க சொல்லவே இல்லியே. நாளைக்கு நாலு பேருக்கு எந்தக் கையால சோறு போடும்?”

“ஐயோ, அது வலது கைக்காரிதான் சம்மந்தி” என்றாள் அம்மா.

“படத்துல இருக்குதே.”

அப்பா படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். இருபது வருஷம் பக்கத்திலேயே வளர்ந்த பெண். “எப்பம்மா கை மாத்துன?” என்றார்.

கல்லூரி போகிறவன் என்ற முறையில் நான் தலையிட்டேன். கண்ணாடி, லென்ஸ், நெகட்டிவ் என்று ஆரம்பித்து, தாவணி வலது தோளில் கிடப்பதைச் சுட்டிக்காட்டி முடித்தேன். பையனின் அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“தாவணிய நான் எதுக்குப்பா பாக்கறேன். ராட்டைன்னா கையத்தானே பாப்பேன்” என்றவர், அம்மா பக்கம் திரும்பி, “தம்பி நெறைய படிக்குதா?” என்று அனுதாபத்தோடு விசாரித்தார். பிறகு அக்காவிடம், “கண்ணு, ஒரு தார் சுத்திக் காட்டு, பாத்துட்டுப் போய்டறேன்.”

ராட்டை பக்கத்திலேயே இருந்தது. அக்கா அசையவில்லை.

“சுத்த மாட்டேன் அத்தை.”

அம்மா அவசரமாக ராட்டையை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

“உங்க வூட்டுக்கு வந்தா இதத் தொட வேணாம்னுதான் சரின்னேன். அங்க போயும் இந்தக் கைதான் பேச்சுன்னா, நான் இங்கயே சுத்திக்கினு இருக்கறேன்.”

பையனின் அம்மா தன் ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டிருந்தார். நூல் ஓடி ஓடிப் பதிந்த தழும்பு அதில் மெல்லிசாகத் தெரிந்தது.

“நானும் அதுக்குத்தாம்மா வாலாஜாபாத்துக்கு வாக்கப்பட்டேன்” என்றார். “சரி, பசிக்குது. சோத்தையாவது போடு.”

அக்கா வலது கையால் பரிமாறினாள். அவர் கையைக் கவனிக்காத மாதிரி கவனித்துக்கொண்டே சாப்பிட்டு, ஆவணியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அதற்குள் அந்த இதழ் வாலாஜாபாத்தில் சொந்தக்காரர் வீடுகளை எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்திருந்தது. அச்சில் வந்ததை அவ்வளவு சுலபமாக யார் விடுவார்கள். அந்தப் பக்கத்து விசேஷம் எதிலும் அக்காவை இதுவரை பரிமாறக் கூப்பிட்டதில்லை. அவளும் யாரையும் திருத்தவில்லை. முதல் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்து, பாயசம் வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறாள்.