காந்த நீக்கம்: சரி

“14-9-2006, வியாழன். வேலை: கல் உருளை, முப்பத்தெட்டு. நீளம்: சரி. காந்த நீக்கம்: சரி.” கும்மிடிப்பூண்டியில் நான் தரப் பரிசோதகனாக இருந்த இயந்திரப் பட்டறையின் பதிவேட்டில், என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் எழுதிய பதிவுகளில் இதை நினைத்தால் மட்டும் இன்றும் சிரிப்பு வருகிறது. அந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.

இரும்பைத் தவிர வேறெதுவும் எங்கள் பட்டறைக்கு அதுவரை வந்ததில்லை. அந்தக் கற்களைக் கொண்டுவந்தவர் ஒரு நிலவியல் பேராசிரியை. முதலாளியின் கல்லூரித் தோழி. எங்களுக்கு அவர் மேடம். இரண்டு கோடைகள் லடாக்கில் அலைந்து, பாறையைத் துளைத்து எடுத்த கட்டைவிரல் பருமனுள்ள உருளைகள் அவை; இரண்டு கறுப்பு, மற்றதெல்லாம் சிவப்பு. பாறையில் இருந்தபோது வடக்கு எந்தப் பக்கம் என்று காட்ட, ஒவ்வொன்றின் மேலும் ஓர் அம்புக்குறி. அவருடைய கல்லறுக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அளந்து தருவதாகச் சொன்ன நாளோ நெருங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் நறுக்கித் தர வேண்டும்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டவர் எங்கள் ஃபோர்மேன் பாய். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காரப் பிடிக்காமல் கிரைண்டிங் வேலைக்கு வந்தவர். மேடம் பொறுமையாக விளக்கினார். பாறை உருவாகும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய பூமியின் காந்தத் திசையிலேயே உறைந்துவிடும். நிலநடுக்கோட்டருகே அந்தத் திசை தரையோடு படுக்கையாக இருக்கும். வடக்கே போகப் போகச் சரியும். சரிவை அளந்தால் பாறை எந்த அட்சரேகையில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். தெற்கிலிருந்து நகர்ந்து வந்த இந்தியாவின் பாறையும் ஆசியாவின் தென் விளிம்புப் பாறையும் எந்தக் காலத்தில் ஒரே அட்சரேகையைக் காட்டுகின்றனவோ, அதற்குள் இரண்டு கண்டங்களும் மோதியிருக்க வேண்டும்.

“அப்போ இமயமலைக்கு பர்த் சர்டிபிகேட்டு வாங்கினு இருக்கீங்கன்னு சொல்லுங்க” என்றார் பாய்.

“அதேதான் பாய். அதனால இதுக்கிட்ட காந்தமே வரக் கூடாது.”

பாய் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டார். எங்கள் கிரைண்டிங் மேசை காந்தத்தால்தான் பொருளைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கமே போகாமல், நான் எண் எழுதிக் கொடுத்த முப்பத்தெட்டையும் கைக்கு வந்த வரிசையில் பித்தளைப் பிடிப்பானில் வைத்துத் தன் கையாலேயே அறுத்தார். அம்புக்குறி அழியாமல் ஒவ்வொன்றையும் துடைத்தார். ஆனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பொருளும் வெளியே போகுமுன், ஒட்டியிருக்கும் காந்தத்தைப் போக்கும் ‘டிமேக்’ மேசைமேல் ஒரு தடவை இழுக்கப்படும். பாய் இழுத்தார். நான் ‘சரி’ போட்டேன். இருவருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்து பாய் திரும்பிய நேரம் மேடமும் வந்தார்.

“காந்தம் ஆவாதுன்னு சொன்னீங்களே மேடம், சொட்டு காந்தம் இல்லாம எடுத்துட்டேன். டிமேக்ல ரெண்டு வாட்டி!”

மேடம் அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அதுக்குள்ள இருக்கிற காந்தத்தைத்தானே பாய் நான் அளக்கணும்?”

ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் இருந்ததை நாங்கள் ஒரே பகலில் துடைத்துவிட்டோம். பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். “இன்னா பேஜாரு பண்ணிட்டேன்... மறுபடி போலாம் மேடம். நானும் வரேன். கல்ல நான் தூக்கினு வரேன்.”

“அங்க பனி விழ ஆரம்பிச்சிடும் பாய்” என்றார் மேடம். அடுத்த கோடை வரை ஆய்வகம் காத்திருக்காது.

பிறகு ஏதோ தோன்றியவராக எழுந்து, டிமேக் இயந்திரத்தின் திறன் பொறித்த தகட்டைக் குனிந்து படித்தார். எவ்வளவு மெதுவாக இழுத்தீர்கள் என்று கேட்டார். ஒரு தாளில் கணக்குப் போட்டார். சிவப்புக் கல்லில் பழைய காந்தம் துருவைப் போன்ற ஒரு கனிமத்தில் இறுகியிருக்குமாம். இந்த இயந்திரத்துக்கு அது அசையாதாம். பின்னால் வந்து ஒட்டிய பலவீனமான காந்தம்தான் போயிருக்கும், அதை ஆய்வகத்திலும் கழுவத்தான் வேண்டும் என்றார். அளந்து பார்க்கும்வரை நிச்சயமில்லை என்றும் சொன்னார். பாய் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ரம்ஜான் முடிந்த மறுவாரம் முதலாளி அறையில் பாய்க்கு மேடத்திடமிருந்து தொலைபேசி வந்தது. கையெல்லாம் எண்ணெயோடு ஓடியவர் வாசலில் நின்று கத்தினார்: “முப்பத்தாறு பாஸு! கறுப்புக் கல்லு ரெண்டு மட்டும் பெயிலு!” மறுநாள் பட்டறை முழுவதற்கும் அவர் வீட்டு பிரியாணி. இந்த வருஷம் எங்க ஊட்ல பெருநாள் ரெண்டு வாட்டி என்றார்.

பட்டறை தேர்வாய் கண்டிகைக்கு மாறியபோது கழித்த பதிவேடுகளில் இதை மட்டும் கேட்டு வாங்கி, கடம்பத்தூரில் என் வீட்டில் வைத்திருக்கிறேன். மேடம் அனுப்பிய ஆய்வுக் கட்டுரையும் அதற்குள் மடித்து இருக்கிறது. அந்தப் பதிவை அடித்துத் திருத்தட்டுமா என்று ஒருமுறை பாயிடம் கேட்டேன். “எதுக்கு சார்? ரைட்டாத்தானே எழுதிக்கிறீங்க. மோதுன டேட்ட சொன்னதே நம்ம பதினேழாம் நம்பர் கல்லுதான். நான் மொத மொத அறுத்தது!”

கட்டுரை அட்டவணையில் உள்ள எண்கள் வேறு. எங்கள் எண்களோடு பொருந்தவில்லை. மேடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆகவே 2006ஆம் ஆண்டுப் பதிவின்கீழ் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “கல் எண் பதினேழு: பாய் சொன்னது. இன்னும் சரிபார்க்கப்படவில்லை.”