பாதையை மறித்த அம்மன்

கண்ணகியின் மாமியாருக்குப் படுக்கைப்புண் கட்டுப் போடப் போய்தான் எனக்கு அவளோடு பழக்கம். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே எங்கள் ஊர். அவளுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை. காலையில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் நிற்கும், யாருக்காகவும் காத்திருக்காது. அடிக்கடி தவறவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கணவன் இல்லாத வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

வீட்டிலிருந்து ரோட்டுக்குச் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு பாதை. மீன்கூடைக்காரிகள் கடற்கரையிலிருந்து உள்ளூர்களுக்கு வந்த வழி, மாசி மகத்துக்கு எங்கள் ஆட்கள் கடலுக்குப் போன வழி. பிணமும் அதில்தான் போகும். அதை விட்டால் ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். அதற்குள் பஸ் போய்விடும்.

தோப்பை வாங்கி மனை பிரித்தவர்கள் பாதையையும் சேர்த்துக் கல் நட்டார்கள். ஊரார் மனு கொடுத்தோம். சர்வேயர் வந்து அளக்கும்வரை பொறுக்கச் சொன்னார்கள். வேலி போடுகிறவர்கள் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வந்து நின்றது. அதற்கு முன்னால், பாதையின் நட்டநடுவில், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஒரு கல். மேலே வேப்பிலை, பக்கத்தில் கற்பூரம் எரிந்த கறை.

ஓட்டி வந்த குமார் இறங்கிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

"யாருய்யா வெச்சது?" என்று சைட் மேஸ்திரி கத்தினார்.

"யாரு வெச்சா இன்னா சார், சாமி கீது இல்ல? நான் கை வெக்க மாட்டேன். வூட்டுல பொண்டாட்டி முழுகாம கீது."

"வேற வண்டி கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. அவனுக்கும் பொண்டாட்டி இருப்பா."

வேறு வண்டி வரவில்லை. சர்வேயர் வந்தார், அளந்தார், அது பாதைப் புறம்போக்குதான் என்றார். நட்ட கற்களைப் பிடுங்கினார்கள். அம்மன் மட்டும் அங்கேயே இருந்தாள்.

எனக்கு அந்தக் கல்லின் மேல் ஒரு கண். உருளை வடிவம், நடுவில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கண்ணகி வீட்டுப் பின்கட்டில் அம்மி கிடந்தது; அதன் குழவியைக் காணோம்.

"குழவி எங்கே?" என்று கேட்டேன்.

"மிக்சி வாங்கிட்டேன் நர்சம்மா."

"மிக்சி வாங்கினால் அம்மியும் போயிருக்க வேண்டுமே."

அவள் மாமியாரின் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் புடிங்க, புரட்டிடலாம்" என்றாள்.

பிறகு அம்மன் வளர ஆரம்பித்தாள். பஞ்சாயத்தில் முன்பு உறுப்பினராக இருந்த தீனதயாளன் நாலு கால் நட்டுத் தகரம் போட்டார். பாதைகாத்த அம்மன் என்று பெயர் வைத்தார். முதலில் செருப்போடு கடக்கக்கூடாது என்றார்கள். பிறகு பிணம் அந்த வழியே போகக்கூடாது, வீட்டுக்குத் தூரமான பெண்கள் நடக்கக்கூடாது என்றார்கள். வேலிக்கல்லாவது எல்லாரையும் ஒரேபோலத் தடுத்திருக்கும். அந்த நாட்களில் கண்ணகி ஏரிக்கரையைச் சுற்றி ஓடினாள், பஸ்ஸைத் தவறவிட்டாள். இன்னொரு முறை லேட்டானால் வரவே வேண்டாம் என்று கேண்டீன் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதற்குள் தீனதயாளன், பாதையின் குறுக்கே சுவர் எழுப்பிக் கிரில் கேட் போட்டு முழுக்கோயிலே கட்டலாம் என்று கூட்டம் கூட்டினார்.

"அது குழவி என்று சொல்லிவிடேன்" என்றேன்.

"சொன்னா என்னை ஊருல வெப்பாங்களா? அதுவும் இல்லாம, இப்ப அது குழவி இல்ல நர்சம்மா."

"பிறகு என்ன?"

"வெளக்கேத்தியாச்சு. வேண்டிக்கினவங்களுக்கு நடந்துகூட கீது. நானே எப்படி அத குழவின்னுவேன்?"

நம்பித்தான் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலா நடிப்பா என்று நோயாளி முகத்தில் கண்டுபிடித்துவிடுவேன். இது பிடிபடவில்லை.

கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். "மாமா, கோயில் வேலை நடக்கும்போது அம்மா தூசியிலயும் சிமெண்டுலயும் உக்காந்துகினு இருக்கலாமா? மொதல்ல பாலாலயம் பண்ண வாணாமா?"

திருப்பணி தொடங்கும் முன் சாமியைத் தற்காலிகமாக வேறு இடத்தில் வைப்பதற்குப் பெயர் பாலாலயம். எந்த ஊரிலும் உள்ள வழக்கம். யாராலும் மறுக்க முடியவில்லை.

"எத்தினி நாளைக்கு?" என்றார் தீனதயாளன்.

"கோயில் முடியற வரைக்கும் மாமா."

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஐயரை அழைத்து, மேளம் வைத்து, பாதையை விட்டுத் தள்ளியிருந்த வேப்பமரத்தடிக்கு அம்மனைக் கொண்டுபோனார்கள். அஸ்திவாரம் தோண்டத் தகரத்தைப் பிரித்தார்கள். பாதை வெறுமையானது. அம்மன் இல்லாத இடத்தில் எந்தத் தடையும் இல்லை. மறுநாள் எல்லாப் பெண்களும் செருப்புக் காலோடு பஸ்ஸுக்கு நடந்தார்கள், கண்ணகி முதலில்.

அஸ்திவாரம் இன்னும் தோண்டவில்லை. திருப்பணிக் கமிட்டிக்குத் தலைவர் யார் என்பது முடிவாகவில்லை. மாதாமாதம் கூடுகிறார்கள், சண்டை போட்டுக்கொண்டு கலைகிறார்கள்.

"ஒருநாள் முடிவாகிவிட்டால்?" என்று கண்ணகியிடம் கேட்டேன்.

"ஆவாது. ஒரு பேரு ஒத்து வர்ற மாதிரி இருந்தா, நான் எந்திரிச்சு இன்னொரு பேரச் சொல்லிடுவேன். போன தடவ உங்க பேரச் சொன்னேன். பாதிப் பேரு சரின்னுட்டாங்க."

"என்னைக் கேட்டாயா?"

"கேட்டா வாணாம்பீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.