வாளை அடியாதே, ஆளை அடி

எங்கடை மாதா கோயில் பங்கில் திருநாளுக்குப் பெண்கள் மட்டும் ஆடுகிற கூத்தொன்று உண்டு. அதில் நான் ஐந்து முறை அரசன். காலையில் கம்பனியில் நண்டு உடைக்கிற இந்தக் கை, ஐந்து முறையும் எதிரி அரசனை வெட்டிச் சாய்த்திருக்கிறது. குருநகரே கைதட்டியது. அதனால் வாள் சண்டை என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்றொரு மிதப்பு. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சநஞ்ச மிதப்பில்லை.

போன ஆவணியில் என்ரை மச்சாள், அதாவது என்ரை மனுசனின் தங்கை, ஜெர்மனியிலிருந்து ஒரு மாத லீவில் வந்து நின்றாள். எட்டு வயதில் போனவள், இப்போது முப்பத்தெட்டு. வரும்போது ஆளுயரப் பையொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அயலட்டைக்குத் தூண்டில் தடி என்று மனுசன் சொல்லிவைத்தார். உள்ளே இருந்தது இரண்டு நைலோன் வாள்களும், நண்டுக்கூடு மாதிரிக் கம்பிவலை போட்ட இரண்டு முகமூடிகளும். இரண்டு கையாலும் பிடிக்கிற நெடுவாள். ஐரோப்பாவின் பழைய சண்டைமுறையை அங்கே இப்போதும் ஆட்கள் கூடிப் பழகுகிறார்களாம், போட்டியும் வைக்கிறார்களாம். இவள் பன்னிரண்டு வருசமாகப் பழகுகிறாள்.

ஒரு கைக்கு ஏலாததைத்தானே இரண்டு கையால் தூக்குகிறது என்று நான் நக்கலடித்தேன். அவள் கோபிக்கவில்லை. பின்வளவில் வலை காயப்போடுகிற சீமெந்துத் தரையில் நின்று செய்து காட்டினாள்.

என்ரை மாதாவே! வலது கை மேலே, கையைக் காக்கிற குறுக்குக் கம்பிக்குக் கிட்ட. இடது கை பிடியின் அடியில். வெட்டுகிறது வலது கை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது வழி மட்டும்தான் காட்டுகிறது. இடது கை அடியைப் பிடித்து இழுக்க, நுனி பறக்கிறது. தோளில் ஒரு பாடும் இல்லை. முதலில் வாள் புறப்பட வேண்டும், கால் அதற்குப் பின்னால். கால் முந்தினால், வெட்டு வருவதற்கு முதலே எதிராளிக்குக் கிட்டப் போய் நிற்போம், வாங்கிக்கட்ட வேண்டியதுதான். எங்கள் கூத்தில் ஒன்றைத் தடுத்த பிறகுதான் ஒன்றை வெட்டுவோம். அவளுக்கு இரண்டும் ஒன்று. எதிரி வெட்டைத் தள்ளிக்கொண்டு போகிற அதே வெட்டு அவன் தலையிலும் போய் இறங்கும்.

வாளோடு நிற்கிற நிலைகளுக்குப் பெயரும் உண்டு. தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் கூரை. முகத்துக்குப் பக்கத்தில் கொம்பு மாதிரி நீட்டினால் எருது. இடுப்பிலிருந்து நுனி மேல்நோக்கினால் கலப்பை. நுனியை நிலத்துக்குத் தாழ்த்தி, தலையைத் திறந்து வைத்தால் மடையன். வெட்ட வா என்று எதிரியைக் கூப்பிடுகிற நிலை அது. மாடும் கலப்பையுமாக, உது சண்டையோ அல்லது தென்மராட்சியில் வயல் உழுகிற வேலையோ என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு இரண்டு பேரும் முகமூடி போட்டுக்கொண்டு மோதினோம். பத்து நிமிசம் டக், டக் என்று வாளும் வாளும்தான் அடிபட்டன. ஒரு அடிகூட ஒருத்திக்கும் விழவில்லை. கதிரையில் இருந்து பார்த்த மனுசன், நல்ல கூத்து என்றார். எனக்கு அது பாராட்டு. அவளுக்கு முகம் செத்துப்போச்சு. வாளை வைத்துவிட்டுத் தரையில் குந்தினாள்.

மெல்ல மெல்லத்தான் விசயம் வந்தது. நாலு மாதத்துக்கு முதல், பயிற்சியில் அவளுடைய வெட்டு ஒரு சிநேகிதியின் பெருவிரலில் விழுந்திருக்கிறது. நொந்ததா என்று இவள் கேட்க, இல்லையில்லை, ஒன்றுமில்லை என்று அவள் சிரித்திருக்கிறாள். அதை நம்பி இன்னும் ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் மோதியிருக்கிறார்கள். பார்த்தால் விரல் எலும்பு உடைந்திருந்தது. சிநேகிதி கேக் செய்து விற்கிறவள், மூன்று மாதம் வேலையில்லை. அன்றிலிருந்து இவளுடைய வாள் ஆளிடம் போகாது. வெட்டத் தொடங்கினால் கடைசி நேரத்தில் திரும்பி எதிராளியின் வாளில்தான் படும். ஆளை விட்டு வாளை அடிக்கிறது அந்தக் கலையில் பழகத் தொடங்கினவர்கள் விடுகிற பிழையாம். திரும்பிப் போய் இரண்டாம் கிழமை நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி. வரமாட்டேன், இனி வாளும் தொடமாட்டேன் என்று பயிற்றுநருக்குக் கடிதம் எழுதிப் போனில் வைத்திருந்தாள். அனுப்புகிறதுதான் பாக்கி.

எனக்குப் பத்தி எரிந்தது. பன்னிரண்டு வருசத்தை ஒரு பெருவிரலுக்காக விடுகிறதோ? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது, சரி, நீ என்ன பூனையோ என்று ஏசினேன். அடுத்த நாள் பின்னேரம் மனுசன் கடலுக்குப் போடுகிற லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, கழுத்துக்குத் துவாய் சுற்றி, முகமூடியும் போட்டு, மற்ற வாளைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். நோகாது, அடி என்றேன். டக். வாளில். நோகாதடி, அடி. டக். மூன்று பின்னேரம் இதே கதைதான். நான் நோகாது என்று சொல்லச் சொல்ல அவளுடைய கை இன்னும் கூசியது.

நாலாம் நாள் காலை நண்டு உடைத்துக்கொண்டு இருக்கும்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கூத்தில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எதிரே நிற்கிறவள் வெட்ட வந்தால் அவளுக்கு வாளைக் கொண்டுபோய்க் குடுக்க வேண்டும். அவள் ஆளை வெட்டமாட்டாள், நான் குடுத்த வாளைத்தான் வெட்டுவாள். அந்தச் சத்தத்தோடு மத்தளம் சேரும். குடுக்காமல் விட்டால் பெரிய மரியாதைக்கேடு. ஐந்து திருநாள் பழகின என்ரை கை, மூன்று பின்னேரமும் மச்சாளுக்கு அதையே செய்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளை ஏசினேனே தவிர, ஒளிகிறதுக்கு இடம் குடுத்தவள் நான்தான். போதாததுக்கு அந்தச் சிநேகிதி சொன்ன பொய்யையே நானும் நோகாது, நோகாது என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்று பின்னேரம் அவளிடம் இரண்டையும் சொல்லிவிட்டு, மடையன் நிலையில் நின்றேன். வாள் நுனி நிலத்தில். தலை திறந்து கிடக்கிறது. அடிக்கிறதுக்கு முன்னால் ஒரு வாளும் இல்லை, நான் மட்டும்தான். பயம் வந்தது, ஏன் பொய் சொல்வான். என்ரை கை தன்பாட்டில் மேலே எழும்பப் பார்த்தது. பிடியை இறுக்கிப் பிடித்து அடக்கினேன். அவள் வாளைக் கூரைக்குத் தூக்கினாள். இறக்கினாள். திரும்பத் தூக்கினாள். கம்பிவலைக்குள்ளால் அவளுடைய மூச்சு கேட்டது.

"நோகும்," என்றேன். "எவ்வளவு எண்டு சொல்லுவன். அடி."

முதலில் வாள் புறப்பட்டது, பின்னால் கால் வந்தது. நடுத்தலையில் விழுந்தது. இரண்டு காதும் கூவின. அவள் வாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்ரை தோள் இரண்டையும் பிடித்தாள்.

"நொந்ததோ, மச்சாள்?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கினேன்.

"ஓம், நொந்தது. அலுமாரிக் கதவிலை தலை இடிச்ச அளவு."

முகமூடியைக் கழற்றித் தலையைக் காட்டினேன். தடவிப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், பொய் இருக்கிறதா என்று தேடினாள். பிறகு போய் வாளை எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது, முகமூடியைப் போட்டு மறைத்துக்கொண்டேன்.

அன்று பதினொரு அடி வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நொந்தது என்று உள்ளதைச் சொன்னேன். கடிதம் என்ன ஆனது என்று கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஏழாவது அடி கூடிப்போச்சு என்றேன். எட்டாவதை அவளே அளவாகக் குறைத்து, ஆனால் வாள் திரும்பாமல், நேரே என்ரை தலையிலேயே போட்டாள்.