மாவு அரைக்காத மில்

ஏமோஸ் பெல் மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவன். மனைவி டோர்க்கஸுக்குப் பிரசவம் சிக்கலானதும், ஒரு வருஷத்துக்குப் பேசி அமர்ந்த வேலையை நான்கு வாரம் முன்னதாகவே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். குழந்தை தங்கவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது குற்றம். பேச்சை மீறியதற்கு மூன்று மாதம் ஜெயில் என்றார் நீதிபதி. மில் முதலாளியோடு நரி வேட்டைக்குப் போகிற மனிதர், வேறென்ன சொல்வார்.

ஜெயிலில் ட்ரெட்மில் இருந்தது. பெரிய சக்கரம், அதைச் சுற்றிப் படிகள். இருபது பேர் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல் ஏறவேண்டும். ஏற ஏறப் படி கீழே போகும். ஆள் இருந்த இடத்திலேயே இருப்பான். பெயரில் மில் இருக்கிறதே, நமக்கு ரொட்டி மாவாவது அரைபடும் என்று நம்பித்தான் ஏமோஸ் ஒரு மாதம் ஏறினான். ஒரு நாள் அதை மெல்லச் சொல்லியும் விட்டான்.

"மாவா?" என்று பக்கத்துப் படிக் கைதி கிசுகிசுத்தான். "சுவத்துக்கு அந்தாண்ட வெறும் விசிறி சுத்துதுடா. காத்தத்தான் அரைக்கிறோம்."

 உழைக்க அஞ்சாதவன் ஏமோஸ். வேண்டுமென்றே வீணடித்த உழைப்பைத்தான் அவனால் செரிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும், ஆண்டுக்கு ஆள் எடுக்கிற வேலைச்சந்தை. அவரவர் தொழிலின் அடையாளத்தைத் தொப்பியில் செருகி நிற்கவேண்டும். மேய்ப்பன் தொப்பியில் கம்பளி, வண்டிக்காரன் தொப்பியில் சாட்டைக்கயிறு. ஏமோஸ் கோதுமைக்கதிர் செருகி நின்றான். இன்று வேலை கிடைக்காவிட்டால், கதியற்றவர்களை அடைக்கிற ஏழைவிடுதிதான். அங்கே புருஷன் ஒரு கொட்டடி, பெண்டாட்டி ஒரு கொட்டடி. ஜெயிலைப் பற்றி மூச்சு விடாதே என்று டோர்க்கஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பண்ணைக்காரர் ராட்போர்ன் அவன் தோளைத் தட்டிப் பார்த்தார். "நல்ல உடம்பு. ஒரு வருஷம் வந்துடு." முன்பணமாக ஒரு ஷில்லிங்கை நீட்டிக்கொண்டே நண்பரிடம் திரும்பினார். "நாம மட்டும் என்ன வாழறோம்? சந்தை, சர்ச், பொண்டாட்டி மூஞ்சி. தினம் அதே ட்ரெட்மில்தான்." இருவரும் சிரித்தார்கள்.

காசை வாங்க நீட்டிய கையை ஏமோஸ் இழுத்துக்கொண்டான்.

"நான் மூணு மாசம் அதுல ஏறினவன், ஐயா. உங்களை எந்த ஜெயில்ல ஏத்தினாங்க?"

ராட்போர்ன் ஷில்லிங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

சாயங்காலம் டோர்க்கஸிடம் நடந்ததை அப்படியே சொன்னான்.

"மூணு மாசம் வாய மூடிக்கிட்டு ஏறின. இன்னும் மூணு நிமிஷம் மூடிக்கிட்டு நின்னிருக்கக் கூடாதா?"

"முடியல."

டோர்க்கஸ் எழுந்தாள். அவன் சட்டையை ஒரு துணியிலும் தன் பாவாடையை வேறொரு துணியிலும் வைத்து, இரண்டு மூட்டையாகக் கட்டினாள்.